வாசல் பல்பின் சுவிட்சு

தேனியிலிருந்து கம்பம் போகும், கரிவாயுவில் ஓடும் பஸ், பின்புற அடுப்பில் கரி போடுவதற்காகச் சின்னமனூரில் நின்றது. எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம்பெண், வைக்கோல் சுற்றிய புது பல்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து அம்மாளிடம் சொன்னாள்:

“எங்க வீட்டு வாசல் வெளக்கைத் தாலியறுத்துட்டு வந்த என் நாத்தனாதான் போடுறாக்கா.”

“அவளா? உங்க அத்தை சும்மாவா இருந்தாக?”

“அவ வெளக்கேத்தக் கூடாதுன்னாக. எண்ணெய் இல்ல, திரி இல்ல, நெருப்பும் இல்ல, இதுல எதை ஏத்துறான்னு கேட்டேன். பல்பையே அண்ணாந்து பாத்தாக. பெறகு எந்திரிச்சு உள்ள போயிட்டாக. நான் கரண்டு ஆளைக் கூப்பிட்டு, சுவிட்சை அவ படுக்கிற அறைச் செவத்துலயே வைக்கச் சொல்லிட்டேன்.”

“நல்லாத்தான் செஞ்சிருக்க. அதுக்குள்ள எதுக்குப் புது பல்பு?”

“பட்டப்பகல்ல போட்டுப் போட்டு அணைச்சதுல பீஸ் போச்சுக்கா.”

“சின்னப்புள்ளையா அவ?”

பஸ் கிளம்பியது. இளம்பெண் பல்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவ இல்லக்கா. எங்க அத்தை. மாமா தவறிப்போன நாள்லருந்து அவுகளும் வெளக்கைத் தொட்டதில்லைல்ல?”