மரக்கடை வாசல் மரம்

— பெயிண்ட் டப்பாவை முதல்ல கீழ வை பாப்பா. என் மரக்கடை வாசல்ல சிவப்புக் கோடு போட்டா, வர்றவன் ஜப்தின்னு நினைச்சு அப்படியே திரும்பிப் போயிடுவான்.

— கோடு கடைக்கில்லண்ணே, வெட்டப்போற மரத்துக்கு. கொஞ்சம் தள்ளி நில்லு.

— தங்கச்சியா வந்தியா, நகராட்சி மர ஆபீசரா வந்தியா? தங்கச்சின்னா டீ சொல்றேன். ஆபீசர்னா பேரம் பேசறேன்.

— ரெண்டும் வேண்டாம்.

— பேரமே வேண்டாங்கறவங்கதான் கடைசியில அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. என் அனுபவம். சரி, வலப்பக்கக் கிளையை எடுத்துக்கோ. ஓட்டை அங்கதானே இருக்கு?

— ஓட்டைங்கறது வண்டு வெளியே போன வழி. உள்ளே அதோட புழுவெல்லாம் அடிமரம் வரைக்கும் சுரங்கம் போட்டிருக்கும்.

— அப்போ இடப்பக்கத்தையும் எடுத்துக்கோ. அடிமரத்தை மட்டும் விடு. கல்லாவுல உட்கார்ந்தா வெயில் மூஞ்சியில அடிக்கும்டி.

— குடை வாங்கித் தரேன்.

— ஊரையே மொட்டையடிச்சுட்டு குடை வாங்கித் தராளாம்! ஸ்கூல் ரோட்டுல மரமில்லை, பஸ் ஸ்டாண்டுல மரமில்லை. நிழல் வேணும்னா நாய்கூட என் கடைக்குத்தான் வருது. இவ்வளவு வெட்டினீங்களே, வண்டு நின்னுச்சா?

— நிக்கல.

— பின்னே?

— நடுவுல ஆறு ஓடுதுல்ல. வண்டு தானா பறந்து ஆத்தைத் தாண்டாது. வண்டு பிடிக்கற இந்த ஜாதி மரத்துல இந்தக் கரையில மிச்சம் இருக்கறது இந்த ஒண்ணுதான். இதையும் வெட்டி அரைச்சுட்டா அக்கரை தப்பிச்சுடும். அக்கரையில யார் இருக்கான்னு நான் சொல்லணுமா?

— அப்பா.

— அவர் இருக்கற முதியோர் இல்லத் தோட்டம் பூரா இதே மரம். அம்மா போனதுலேருந்து அவர் வாயைத் திறக்கறதே அந்த நிழல்ல உட்கார்ந்தாத்தான். அங்கே ஒரு வண்டு தட்டுப்பட்டா, ஒரு மரம் விடாம நான்தான் போய்க் கோடு போடணும். அவர் கண்ணு முன்னாடி.

— வராததுக்கு ஏன் இப்பவே ஒப்பாரி? மரத்துல வண்டு இருக்குன்னு எப்படிச் சொல்றே? ஓட்டை மரங்கொத்தி போட்டதா இருக்கும்.

— கீழே பாரு. தூள்.

— மரக்கடை வாசல்ல தூள் கொட்டாம பூவா கொட்டும்?

— நேத்து கடை லீவு. ரம்பம் ஓடலை. முந்தாநாள் சாயங்காலம் நீயே சுத்தமா பெருக்கினே. அப்புறம் இது எங்கேருந்து வந்துச்சு?

— காத்துல...

— மரத்தடியில மட்டும் குவியலா கொட்டற காத்தா?

— ...எவ்வளவு நாளா இருக்கும்?

— நாளில்லண்ணே, வருஷம். சில ஓட்டையெல்லாம் ஓரம் மூடித் தழும்பேறிப் போச்சு. ஊருக்குள்ள வெட்டின எதுலயும் இவ்வளவு பழைய ஓட்டை கிடையாது. வெளிநாட்டுப் பெட்டிப் பலகை மலிவா கிடைக்குதுன்னு வாங்கி இந்த மரத்துல சாத்தி வச்சியே, அதுலதான் வந்திருக்கும். வேற யார் வாசலா இருந்தாலும் இதென்ன தூள்னு கேட்டிருப்பாங்க. நீ தினமும் உன் தூளோட சேர்த்துப் பெருக்கித் தள்ளிட்டுக் கடையைத் திறந்துட்டே.

— அடிப்பாவி, தள்ளுபடி கேட்டா தலையில கல்லைப் போடறே. இரு, இரு. பூச்சி அரிச்ச மரமா இது? போன வருஷம் காத்துல முறிஞ்ச கிளை, என்ன கனம் தெரியுமா! ரம்பமே திணறுச்சு. அதுல போட்ட பெஞ்சுல மூணு பேர் உட்கார்ந்தாலும் முனகாது. பட்டையைக்கூட நான் உரிக்கலை. அப்பா தடவிப் பார்த்துக்கிட்டே உட்காருவாரேன்னு.

— எந்த பெஞ்சு?

— எந்த பெஞ்சா? அவர் பொறந்த நாளுக்குக் குடுத்தோமே. நீதானே உன் ஆபீஸ் வண்டியில ஏத்திக்கிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனே.

— அது... அது இந்த மரமா?

— பின்னே காசு குடுத்தா வாங்கிப் போடுவேன்? ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

— அப்போ இப்படி ஒரு வண்டு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது. பட்டைக்கு அடியிலதாண்ணே அது குடியிருக்கும்.

— பாப்பா, டப்பாவை நிமித்து. பெயிண்ட் உன் செருப்பு மேல வழியுது.

— அப்பாவுக்கு போன் போடு. பெஞ்சைச் சுத்தி ஏதாவது இருக்கான்னு கேளு. ஒண்ணும் இருக்காது. சும்மா கேளு.

— கேக்க வேண்டாம்.

— போடுண்ணே!

— அவரே நேத்து சொன்னாரு. பெஞ்சுக்கு அடியில, பக்கத்து மரங்களுக்கு அடியில எல்லாம், தினம் யாரோ மாவைச் சிந்திட்டுப் போறாங்களாம். பெருக்கித் தள்ளுங்கப்பான்னு நான்தான் சொன்னேன்.