உடைக்காத கவர்கள் பற்றி ரங்கையா எழுதிக் கொடுத்தது

திருப்பதி நீதிமன்ற வளாகம், சமரச மையம்
20.04.2011

என் பெயர் ரங்கையா. வயது எழுபது அல்லது எழுபத்தொன்று. தகப்பனார் பெயர் அப்பாவு, காலமாகிவிட்டார். பிச்சாட்டூர் மண்டலத்தில், ஏரிக்குக் கிழக்கே உள்ள காலனியில் குடியிருக்கிறேன். ஒரு ஏக்கர் நிலத்தில் பயிர் வைக்கிறேன், மற்ற நாட்களில் கூலிக்குப் போகிறேன். எழுத்து கோணலாகவும் ஒன்று பெரிது ஒன்று சிறிதாகவும் இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். நான் எழுதக் கற்று ஏழு மாதம்தான் ஆகிறது. நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாக மையத்து எழுத்தர் சொன்னார். வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். மதியம் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தேன்.

என் மகன் திருமலைக்கும் மருமகள் தேன்மொழிக்கும் 1999ஆம் வருடம் கல்யாணம் நடந்தது. 2001இல் ரூபா பிறந்தாள். அதன் பிறகு திருமலை குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். அவன் வந்து போகும்போதெல்லாம் இருவருக்கும் சண்டை வந்தது. 2007 வைகாசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடித் துரும்பு கிள்ளிப் போட்டு இருவரையும் பிரித்துத் தீர்த்து வைத்தார்கள். துரும்பை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். குழந்தை எங்கள் வீட்டில் இருக்க வேண்டும், தேன்மொழி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. கடிதம் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு தேன்மொழி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தபாலில் கவர்கள் வந்தன. தபால்காரர் வரும் நேரத்தில் ரூபா பள்ளிக்கூடத்தில் இருப்பாள், நான்தான் வாங்குவேன். தபாலை உடைக்காதவரை கேஸ் நம்மைத் தொடாது என்பது எங்கள் காலனியில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. மெட்ராஸ் பக்கத்து முத்திரை இருந்ததால் வக்கீல் அனுப்பியது என்று நினைத்தேன். ஒரு கவரைத் தடவிப் பார்த்தபோது உள்ளே தகடு போல ஏதோ இருந்தது. அதைக் கோர்ட் சீல் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் உடைக்காமல் தகரப் பெட்டியில் அடியில் போட்டுப் பூட்டினேன். ஊரில் கேட்டவர்களிடமும் போனில் கேட்ட திருமலையிடமும், அவள் குழந்தையை ஒரு நாளும் விசாரித்ததில்லை என்று சொன்னேன். அப்போது அதை உண்மை என்றே நினைத்துச் சொன்னேன்.

2010 செப்டம்பரில் காலனிப் பள்ளிக்கூடத்தில் மாலை வேளையில் முதியோர் வகுப்பு தொடங்கியது. தணிகாசலம் சார் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தார். பத்தாவது வாரம், வீட்டில் எழுத்துள்ள காகிதம் எதுவானாலும் எடுத்து வந்து படிக்க வேண்டும் என்றார். வேறு காகிதம் இல்லாததால் ஒரு கவரைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். மேலே எழுதியிருந்ததில் முதல் வார்த்தையைக் கூட்டிப் படித்தேன். ரூபா என்று இருந்தது. சார் கை தட்டச் சொன்னார், எல்லோரும் தட்டினார்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து அதை உடைத்தேன். படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அதில் கேஸ் எதுவும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, உன் பல் முளைத்துவிட்டதா, எந்தப் பல் என்று எழுது என்று இருந்தது. நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். என் மனைவி பச்சையம்மாளிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வெளிய சொன்னா புள்ள போய்டும்" என்றாள். நான் கவரைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அப்படியே நான்கு மாதம் வைத்திருந்தேன். தெரியாமல் செய்தது மூன்று வருடம். தெரிந்து செய்தது இந்த நான்கு மாதம்.

இதற்கிடையில் ரூபாவைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தேன்மொழி போட்ட வழக்கைக் கோர்ட்டு இந்த மையத்துக்கு அனுப்பியது. திருமலை லீவில் வந்தான். சமரசம் செய்பவர் வக்கீல் கிருஷ்ணம்மா மேடம். முதல் இரண்டு தவணைகளில் இருவரும் கத்தியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தவணை இம்மாதம் 6ஆம் தேதி நடந்தது. திருமலை மேசையில் கை வைத்து, "மூணு வருசத்துல ஒரு கார்டு போட்டாளா, கேளுங்க மேடம். எங்க நைனாவே சாட்சி" என்றான். தேன்மொழி அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"போட்டுக்கினேதான் இருந்தேன் மாமா. ஒண்ணு கூடவா வரல?"

மேடம் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். இந்த அறையில் சொல்வது இந்த அறையோடு நின்றுவிடும், கோர்ட்டுக்குப் போகாது என்றார். நான் கவர்களைப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகு, இது கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "நீங்களா எழுதிக் குடுத்தா கேஸ் கட்டுல சேரும் தாத்தா. ஆனா நல்லா யோசிச்சிக்கோங்க" என்றார். இரண்டு வாரம் யோசித்தேன். பச்சையம்மாள் என்னோடு பேசவில்லை. பெட்டிச் சாவியை மட்டும் இன்று விடியற்காலை என் சட்டைப் பையில் அவளே போட்டாள்.

இன்று காலை பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுவந்து மேடம் மேசையில் திறந்தேன். இருபத்தாறு கவர்கள். ஒன்று மட்டும் உடைத்தது. திருமலை வராந்தாவுக்குப் போய் நின்றான். ரூபா பெஞ்சில் உட்கார்ந்து வரிசையாகப் பிரித்துப் படித்தாள். தகடு என்று நான் நினைத்தது ஒரு தலை கிளிப். ஆறு வயதுப் பிள்ளைக்கு வாங்கியது. அவளுக்கு இப்போது பத்து வயது. அதை முன் மயிரில் குத்திக்கொண்டாள்.

அதன் பிறகு திருமலை உள்ளே வந்து, மேடம் எழுதுகிறபடி எழுதட்டும் என்றான். ரூபா அம்மாவிடம் இருந்து அங்கே படிப்பது, முழுப் பரீட்சை லீவும் பொங்கலும் எங்கள் வீட்டில், திருமலை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வது, தேன்மொழி ஊருக்குள் தடையில்லாமல் வந்து போவது என்று முடிவானது. என் பக்கம் ஏதாவது உண்டா என்று மேடம் கேட்டார். வாரம் ஒரு கடிதம் ரூபாவுக்கு எழுத எனக்கு அனுமதி வேண்டும் என்றேன். அதையும் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். தேன்மொழி கவர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எழுதுங்க மாமா. உங்க கவர நாங்க பூட்டி வைக்க மாட்டோம். அவளே உடைச்சிக்குவா."

ரூபா இந்த ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாள். முதல் கடிதம் அடுத்த வாரம் எழுதுவேன். இதை எழுதி முடிக்க மணி ஐந்தாகிவிட்டதால், அதைத் திங்கட்கிழமையே தொடங்க வேண்டும்.

இதில் உள்ளது எல்லாம் நானே செய்தது, நானே எழுதியது, யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியதில்லை. ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. எழுத்தர் கைநாட்டுக்கு மை டப்பாவை எடுத்து வைத்தார். அது தேவைப்படவில்லை.

ரங்கையா