மூணாவது எடம்

ஹொஸ்டலும் இனாமா சேர்? ஓடுற ஸ்பைக்ஸ் சப்பாத்தும் வாங்கிக் குடுப்பீங்களா? அடேயப்பா, எங்க நிஷாந்தினிக்கு அடிச்சது யோகம். ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் புள்ள, இன்னமும் வெறுங்கால்லதான் ஓடுறா. பதுளை டவுன் ஸ்கூல் சேர் நீங்களே தேடி வந்து கேக்குறீங்க. இப்புடி நெழல்ல உக்காருங்க. இந்த மாகாண ஓட்டம் முடியட்டும், அவகிட்டயே கேட்ருவோம்.

அந்தா, லைன்ல நிக்கிறாங்க. ஓரத்துல நிக்கிறது உங்க மக துவாரகாதானே? நல்ல புள்ள, பாத்தாலே தெரியுது. எங்க ஸ்கூல்ல இருந்து ரெண்டு பேரு. நிஷாந்தினிக்குப் பக்கத்துல நிக்கிறவ ஜெயவாணி. ஆயிரத்தஞ்ஞூறு மீட்டர்ங்கிறதால மெதுவாத்தான் தொடங்குவாங்க. ஆங், வெடி சுட்டாச்சு, கெளம்பிட்டாங்க.

முந்தி எங்க தோட்டத்துல இன்னொரு புள்ள இருந்துச்சு சேர். மலையில கொழுந்தெடுக்கிற அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு ஓடி ஓடியே கால் பழகுன புள்ள. வலய ஓட்டப் போட்டியில டவுன் புள்ளைங்க அம்புட்டுப் பேரையும் பின்னால விட்டுருச்சு. மறு வருசம் ஒரு சேர் அவ இருந்த லயத்து வீட்டுக்கே வந்தாரு. இதே ஹொஸ்டல், இதே ஸ்பைக்ஸ். லயத்து ஆளுங்க எல்லாம் சேந்து ட்ரங்குப் பெட்டி வாங்கிக் குடுத்து, மாரியம்மனுக்குத் தேங்கா ஒடச்சு அனுப்புனாங்க.

போன பெறகுதான் வெளங்குச்சு. ஒரு ஓட்டத்துக்கு ஒரு ஸ்கூல்ல ரெண்டு பேருதானே ஓடலாம்? அந்த ரெண்டு எடமும் பெரிய கடைக்காரங்க புள்ளைங்களுக்குன்னு ஏற்கனவே பேசி வச்சிருந்தாங்க. அவள ஓட வைக்கவா கூட்டிப் போனாரு? எதுத்து ஓடாம இருக்கத்தான் கூட்டிப் போனாரு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயும் பேரு வெட்டியாச்சு, எங்க போயி ஓடுறது? அந்த ரெண்டு பேருக்கும் தண்ணிப் போத்தல் தூக்கிக்கிட்டு இதே கிரவுண்டுல நின்னா சேர். கேட்டதுக்கு, சட்டம் அப்புடிம்மா, நான் என்ன செய்யன்னாராம்.

ஞாபகம் இல்லையா? இருக்காது. உங்க கையில எத்தன புள்ளைங்க வந்து போயிருக்கும்.

இருங்க, கடைசி ரவுண்டுக்கு மணி அடிச்சாச்சு. உங்க மகதான் முன்னுக்கு! கையத் தட்டுங்க சேர். ஆனா எங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே வாறாங்க பாருங்க. இந்த வளைவுலதான் முன்னுக்கு ஏறச் சொல்லியிருக்கேன். ஏறுடி நிஷாந்தினி! ஜெயவாணி, விடாத, விடாத! அப்புடித்தான்!

முடிஞ்சுருச்சு. மொதல்ல நிஷாந்தினி, அடுத்தது ஜெயவாணி. துவாரகா மூணாவது. மாகாணத்துல இருந்து ஓல் ஐலண்ட் போட்டிக்கு மொத ரெண்டு பேருதான் போகலாம். சட்டம் அப்புடி சேர், நான் என்ன செய்ய?

ஜெயவாணி எண்ணூறு மீட்டர்காரி. உங்க மக ஓடுறான்னு தெரிஞ்ச அன்னைக்கே இதுக்கும் பழக்க ஆரம்பிச்சுட்டேன். ஜெயிக்கிறதுக்கு ஒருத்தி போதும். உங்க வீட்டு வாசல அடைக்கத்தான் ரெண்டாவது ஆள். புள்ள மேல எனக்குக் கோவமில்ல. உங்க மேலதான், வயிறு எரிய எரிய வச்சிருந்தேன். இப்பதான் ஆறுது.

என்ன, இப்பதான் மொகத்தப் பாக்குறீங்களா? ஆமா, அந்தப் புள்ள சுபாஜினிதான். இப்ப சுபாஜினி டீச்சர். அங்க உங்க மக தரையில உக்காந்து அழுவுறா, போங்க. இந்தாங்க தண்ணிப் போத்தல். இன்னைக்கு நீங்க தூக்கிட்டுப் போங்க.