புள்ளி வச்ச சாக்ஸ்

— ஏழு மாசமா, முத்து? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?

— சொன்னா விட்டிருப்பீங்களா மச்சான்? நீங்க அஞ்சு வக்து தொழுகைக்கும் பள்ளிவாசலுக்குப் போயிடுறீங்க, மிச்ச நேரம் சேல கடை. வீட்டுல கேக்க ஆள் இல்ல. கெளம்பிட்டேன்.

— பாசாருக்குப் போறேன்னுதானே சொன்ன. என்னடா இது, முத்து பீவி ரெண்டு மணி நேரமா மீனு பாக்குறாளேன்னு நானும் கடையில உக்காந்து யோசிச்சிருக்கேன்.

— மீனும் வாங்கினேன் லா. மோனோரயிலுக்குப் பக்கத்துல, மாடியில க்ளாஸ். உஷாராணி டீச்சர். பேரு பிலாத்தீஸ், ஒடம்புக்குப் பயிற்சி.

— அந்த ஸ்பிரிங் வச்ச கட்டில்ல படுத்துக்கிட்டு கால நீட்டி மடக்குறதா? அறுபத்தொரு வயசுலயா?

— அறுபத்திரெண்டு. க்ளாஸுல நான்தான் மூத்தவ, மத்ததெல்லாம் ஆபீஸ் புள்ளைங்க. மொத நாளு முட்டிக்கு நடுவுல ஒரு பந்த வச்சு நசுக்குங்க ஆன்டின்னாங்க. பந்து அப்படியே இருந்துச்சு. நான்தான் நசுங்கிப் போனேன்.

— இது என்னா சாக்ஸு? அடியில பூரா ரப்பர் புள்ளி.

— வழுக்காம இருக்க.

— காலுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு.

— நல்லா கேலி பண்ணுங்க. எதுக்குப் போனேன்னு மட்டும் கேக்காதீங்க.

— சரி, எதுக்கு?

— போன வருசம் கிள்ளான்ல ஒரு கல்யாணத்துக்குப் போனமே. பொம்பளைங்க எல்லாம் பாயில. நாலு பேருக்கு ஒரு சஹன், ஒரே தட்டுல கைய வச்சு சிரிச்சு பேசி சாப்பிடுறாங்க. எனக்கு முட்டி வலின்னு மூலையில ஒரு பிளாஸ்டிக் மேசைய போட்டு உக்கார வச்சாங்க. பக்கத்துல ஒரு ஆளு இல்ல. சோறு எறங்கல மச்சான். அழுகையா வந்துச்சு.

— நீ சொல்லவேயில்லையே.

— அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நம்ம மக அஃப்ரின் கல்யாணத்துல சம்பந்தியம்மாவோட ஒரே சஹன்ல உக்காரணும்னு.

— அதுக்கு இவ்வளவு பாடு எதுக்கு? நான்தான் ஏற்பாடு பண்ணிட்டேனே. ஹால் பூரா மேசை. ஒருத்தரும் கீழ உக்கார வேணாம். எல்லாம் ஒனக்காகத்தான்.

— யாரக் கேட்டு?

— சம்பந்தி ஜமால் முகமதுகிட்ட நானே பேசிட்டேன். எங்க வீட்டம்மாவுக்கு முட்டி சரியில்ல, கீழ உக்கார முடியாதுன்னேன். அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ரெண்டு சம்பந்தியும் ஒரு சஹன்ல கை வைக்கணும், அதான் மொறைன்னாரு. நான் விடலயே.

— அவங்க மொறைய எம் முட்டியச் சொல்லி மாத்திட்டு வந்திருக்கீங்க.

— ஒம் மேல உள்ள பாசம் லா.

— நாலு வருசத்துக்கு முன்னாடி இந்த சாப்பாட்டு மேசைய வாங்கிப் போட்டப்பயும் இதத்தான் சொன்னீங்க. பொண்டாட்டி முட்டிக்காக வாங்கினேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப இங்க பாருங்க. மூச்ச விட்டு, தொப்புள உள்ள இழுத்து, ஒரு கால மடக்கி...

— புடிச்சுக்க முத்து, புடிச்சுக்க.

— கைய எடுங்க. இந்தா, உக்காந்துட்டேன்.

— அட.

— எந்திரிச்சும் காட்டவா? கை ஊணாம?

— வேணாம், வேணாம். எனக்குக் கண்ணு கலங்குது.

— சம்பந்திக்கு இன்னிக்கே போன் போட்டு, மேசை வேணாம், பாய் போடுங்கன்னு சொல்லிடுங்க. இப்ப வாங்க, உக்காருங்க. நாலு வருசம் கழிச்சு வெள்ளிக்கெழம சாப்பாடு ஒரே தட்டுல. எலும்பெல்லாம் உங்க பக்கம் வச்சிருக்கேன்.

— வரேன். ஃபேன போட்டுட்டு வரேன்.

— ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

— தண்ணி...

— இங்க இருக்கு.

— கடைக்கு ஒரு போன் பண்ணிட்டு...

— ஜும்மாவுக்குக் கடைய மூடிட்டுதான வந்தீங்க? ஏன் மச்சான், மேசையப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?

— சும்மாதான்.

— மச்சான். இங்க பாருங்க. முன்னெல்லாம் வீட்டுலயும் தொழுவீங்க. இந்த நாலு வருசமா மழை பெஞ்சாலும் பள்ளிவாசலுக்குத்தான் ஓடுறீங்க. எம் புருசன் இப்படி மாறிட்டாரேன்னு எங்க அக்காகிட்டகூட சொல்லி சந்தோசப்பட்டேன்.

— அங்க கீழ உக்கார முடியாதவங்களுக்கு நாற்காலி போட்டிருக்காங்க, முத்து.

— அப்ப இந்த மேசை?

— அந்தப் புள்ளி வச்ச சாக்ஸு, ஆம்பள சைஸுல கெடைக்குமா?