இடது கட்டைவிரல்

— கட்டைவிரல மட்டும் நாண்ல மாட்டு, சுகி. மத்த வெரலுக்கு இதுல பெரிய வேல இல்ல.

— ஆள்காட்டி வெரலு?

— அது காவல். கட்டைவிரல் நகத்துமேல லேசா உக்காரணும். இறுக்கிப் புடிச்சா ரத்தம் கட்டிக்கும்.

— சினிமால எல்லாம் மூணு வெரலால இழுக்கறாங்களே, தினா.

— அது வேற. இது கொரியாக்காரங்க இழுக்கறது. மங்கோலியா, துருக்கி, அங்கெல்லாமும் இப்பிடித்தானாம்.

— ரெண்டு வருசம் வேல பாக்க அனுப்பினா வில்லு வுடக் கத்துக்கினு வந்துகீற.

— ஞாயித்துக்கெழம இன்னா பண்றது? கம்பெனி ரூம்ல சுவத்தப் பாத்துக்கினு இருக்கறதா? சூப்பர்வைசர் ஒருநாள் மைதானத்துக்கு இட்டுக்கினு போனாரு. அவரு பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நாணை எப்பிடி வுடணும்னு சொல்றதுக்கு, ஈரக் கையில சோப்ப வெச்சி நழுவ வுட்டுக் காட்டினாரு.

— சோப்பா?

— சோப்பு நழுவற மாதிரி நாணு தானா நழுவணும். நீயா தொறந்தா அம்பு கோணிக்கும்.

— சரி, ஒரே ஒரு தடவ சொல்லிக்குடு. நான் போவணும். சர்ச்சு முடிஞ்சி வூட்டுக்குப் போற வழில சும்மா நின்னேன், அவ்ளோதான்.

— உங்க வூட்டுக்குப் போற வழி ஏரிக்குள்ளாற எப்ப வந்துச்சி?

— ... தண்ணி வத்திப்போச்சி இல்ல. குறுக்குவழி.

— குறுக்குவழி... சரி. இந்தா மோதிரம். மாட்டுக் கொம்புல செஞ்சது. கட்டைவிரல்ல போட்டாத்தான் நாணு அறுக்காது.

— பெருசா கீது.

— என் வெரலுக்கு எடுத்த அளவு அது. கர்ச்சீப்ப சுத்திக்க.

— எப்ப கெளம்பற?

— இன்னும் மூணு வருசத்துக்கு அக்ரிமெண்ட் குடுத்துகீறாங்க. நாளைக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பணும். போட்டா வியாழக்கெழம பிளைட்டு.

— போடலன்னா?

— போடலன்னா இங்க ஒரகடத்துலயே பழைய வேல. தெனமும் கம்பெனி பஸ்ஸு. போடவா, சுகி?

— என்னியக் கேட்டா? ... போடு. நல்ல வேலதான.

— ம். சரி, வில்லப் புடி. சாக்கப் பாரு. வைக்கோல் நல்லா திணிச்சி வெச்சிகீறேன், பயப்படாத... சுகி.

— இன்னா?

— வலதுகையில வில்லப் புடிச்சிக்கினு இடதுகையால இழுக்கற.

— தப்பா?

— நீ எழுதறது எந்தக் கை?

— வலது.

— சோறு துண்றது?

— ஐயோ தினா... புதுசா புடிக்கறவளுக்கு எந்தக் கைன்னு இன்னா தெரியும்?

— புதுசா புடிக்கறவங்களுக்குத்தான் பழக்கமான கை முன்னாடி போவும். சரி, அப்பிடியே இழு.

— வேணாம். மாத்திப் புடிக்கறேன்.

— மாத்தாத. இழு... இன்னும்... காதுகிட்ட. வுடு.

— ... பட்டுச்சா?

— நடுவுல பட்டுச்சி.

— குருட்டாம்போக்கு.

— அம்பு குருட்டாம்போக்குல போவும். வெரலு அப்பிடி நழுவாது. எனக்கு நாலு மாசம் ஆச்சி. வுடணும்னு நெனச்சாலே வெரலு ஒதறும். நீ நெனக்காமலே வுட்ட... கையக் காட்டு.

— இன்னாத்துக்கு?

— இடதுகை. காட்டு... காய்ச்சிப்போய் கீது.

— அது லேபு. நாள்பூரா பிப்பெட்டு அமுக்கறேன் இல்ல? காலையில நாப்பது பேரு ரத்தம். கட்டைவிரல் தேயாம இன்னா பண்ணும்?

— பிப்பெட்டு எந்தக் கையில புடிப்ப?

— எந்தக் கையா இருந்தா இன்னா?

— சுகி.

— வலது.

— வலதுகை வெரலு மெத்துன்னு கீதே.

— மொதல்ல கைய வுடு. கரைமேல ஆடு மேய்க்கறவங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும். எத்தினி மாசமா இழுத்துக்கினு கீற?

— ... சைக்கிள் ட்யூப்ப ஜன்னல் கம்பில கட்டி... சும்மா. பொழுது போவல.

— யாரு சொல்லிக்குடுத்தது?

— யாரும் இல்ல. போன்ல இல்லாததா?

— இடதுகையால ஏன்?

— அவங்க அப்பிடித்தான் இழுத்தாங்க.

— எவங்க?

— ... வீடியோல வந்தவங்க.

— சுகி. அங்க மைதானத்துல நான் வில்லு வுடறத தனியாதான் வீடியோ எடுப்பேன். கல்லுமேல போன சாய்ச்சி வெச்சி, முன்பக்கக் கேமராவுல. என் போன்ல அது கண்ணாடி மாதிரி. வலது இடதாத் தெரியும். கண்ணாடில கை மாறித் தெரியும்னு ஸ்கூல்லயே சொல்லிக்குடுத்தாங்க. நீ பி.எஸ்சி. வேற.

— சட்டையில ஒரு எழுத்து இருந்திருந்தா திரும்பித் தெரிஞ்சிருக்கும். நானும் கண்டுபுடிச்சிருப்பேன். எப்பப் பாரு அதே சாம்பக் கலரு மொட்டைச் சட்டை.

— எப்பப் பாரு... அப்ப பாத்துகீற.

— பேஜாராப் போச்சி... உன் தங்கச்சி வளர்மதி காட்டினா. அவ போன்ல. எப்பவோ ஒரு தடவ.

— ஒரு தடவ.

— ஆமா.

— ஊரவிட்டுப் போறதுக்கு முந்தின நாளு பஸ் ஸ்டாண்டுல உன்ன ஒண்ணு கேட்டேன். பதிலே சொல்லாம பஸ் ஏறிப் பூட்ட.

— உங்க வூட்டுக் களத்துல எங்கப்பா நெல்லு மூட்ட தூக்கிக்கினு இருந்தாரு, தினா. நான் இன்னா பதில் சொல்றது?

— இப்ப?

— இப்பவும் தூக்கிக்கினுதான் கீறாரு.

— உங்கப்பாவக் கேக்கல. எங்கப்பாவயும் கேக்கல.

— நீ கையெழுத்து போட்டுட்டுக் கெளம்பு. அங்க மைதானம் கீது, சோப்பு கீது...

— கிண்டலு வேற. சரி, வளர்மதி போன்லதான பாத்த?

— ஆமான்னேனே. நீ ஸ்டேட்டஸ் வெச்சா ஊரே பாக்கும். நான் பாத்தா தப்பா?

— ஊரு பாக்கல. வளர்மதியும் பாக்கல. எங்கம்மாவுக்குக்கூட காட்டல. இன்னாருக்கு மட்டும் தெரியட்டும்னு வாட்ஸாப்புல வெக்கலாம் இல்ல? ஒரே ஒரு நம்பருக்குத்தான் வெச்சேன். ஞாயித்துக்கெழம தவறாம ரெண்டு வருசம். பாத்தவங்க எத்தினி பேருன்னு கீழ காட்டும். சைபர். அடுத்த வாரம் பாத்தா அப்பவும் சைபர். நீ நம்பரையே மாத்திட்டன்னு நெனச்சேன்.

— மாத்தல. பாத்தா உனக்குத் தெரிஞ்சிபூடும்னு அந்த நீல டிக்க நிறுத்தி வெச்சிட்டேன். ஒரு நாளுக்குமேல ஸ்டேட்டஸ் நிக்காதில்ல... திங்கக்கெழம லேபுக்குக் கெளம்பறதுக்குள்ள முப்பது தடவயாவது பாத்துடுவேன். தினா... அந்த பேப்பர்ல கையெழுத்து போடாத.