பார்த்துவிட்டுச் சுற்றவும்

உங்கள் விபத்து அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லத்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன், ஐயா. பிழையான தாள் ஒன்று கோப்பில் கிடக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது.

இருபத்து மூன்று ஆண்டுகளாக வக்கீல் சங்க நூலகம் என் பொறுப்பில் இருக்கிறது. குடும்பமும் சொத்தும் பச்சை அட்டை, வணிகம் நீலம், அரசு விவகாரம் பழுப்பு. பேராசிரியர்கள் எழுதிய பெரிய பெரிய நூல்கள். அவை தைத்த புத்தகங்கள் அல்ல, வளையத்தில் கோத்த தாள்கள். சட்டம் மாறும்போதெல்லாம் பதிப்பகத்திலிருந்து புதுத் தாள்கள் வரும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது என் வேலை. தாளின் அடியில் அது அச்சான ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. என்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக வாதாடப் போய்விடுவார்கள்.

என் தங்கை, கணவன் செத்ததும் மனம் பேதலித்து மருத்துவமனையில் கிடந்தாள். அவளுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தையை நாங்கள் எடுத்து வந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி அதை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். முதலில் 'அத்தை' என்றுதான் கூப்பிட்டது. ஒரு வருடத்தில் 'அம்மா' என்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

தங்கை தேறி வந்து பிள்ளையைக் கேட்டாள். நாங்கள் தத்தெடுக்க மனுப் போட்டோம். பெற்றவள் குறித்த காலத்துக்குள் ஆட்சேபிக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அந்தக் காலம் முன்பு தொண்ணூறு நாள். அந்த ஆண்டுதான் முப்பதாகக் குறைத்திருந்தார்கள். நோட்டீஸில் நாள் கணக்கு இருக்காது, 'சட்டம் வகுத்த காலத்துக்குள்' என்று மட்டும் இருக்கும். அவளுடைய வக்கீல் பச்சைப் புத்தகத்தைப் பார்க்க வருவார் என்று தெரியும். முந்தின நாளே புதுத் தாளைக் கழற்றிப் பழையதை மாட்டி வைத்தேன். அவர் படித்தார், அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஒரு பொய்கூடப் பேசவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் அவர் நீதிமன்றத்துக்குப் போனபோது குழந்தை எங்களுடையதாகியிருந்தது.

மறுநாள் காலை, வக்கீல்கள் வருமுன், தங்கை நூலகத்துக்கு வந்தாள். வக்கீல் மறுபடி வந்து பார்க்கக்கூடும் என்று பழைய தாளை அதுவரை மாற்றாமலே வைத்திருந்தேன். எங்கள் அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடுபவை. ஓரத்திலுள்ள சக்கரத்தைச் சுற்றினால் இரண்டு இரும்பு அலமாரிகளும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். முழுக்கப் புத்தகம் ஏற்றியவை, லாரி கனம் கனக்கும். அதனால்தான் 'பார்த்துவிட்டுச் சுற்றவும்' என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அவள் அலமாரிகளுக்கு நடுவே போய், பச்சைப் புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தாள். சின்ன வயதில் மிட்டாய்க் காகிதத்தில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடமாட்டாள்.

"அண்ணா, இந்தத் தத்துச் சட்டத்துல மத்த தாளெல்லாம் இந்த வருஷம் அச்சடிச்சது. இது மட்டும் நாலு வருஷம் பழசு" என்றாள். "அனுப்புறவங்க தப்பு பண்ணிட்டாங்க போல. நீ வந்து சொன்னா நீதிபதி கேப்பாரு."

என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் பதிப்பகம் ஒரு தாளைக்கூடத் தப்பாக அனுப்பியதில்லை என்பது நீதிபதிக்கும் தெரியும்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். 'நூலகர் உள்ளே ஆள் இருப்பதைக் கவனிக்காமல் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று என் மனைவி காலைப் பிடித்து அழுதாள்.

"புள்ளைக்காகவாவது வாய மூடிக்கிட்டு இருங்க."

எல்லாம் பிள்ளைக்காகத்தான் செய்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவனக்குறைவு என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் உள்ளே பார்த்தேன். என்னிடம் கொடுக்க அவள் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுத்தான் சுற்றினேன்.