உருமா கட்டியவருக்கே டிராக்டர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். தியாகதுருகம் தாண்டியதும் எங்கள் விழுப்புரம் பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் மஞ்சள் பை வைத்திருந்தவள் சொன்னாள்:

“எங்க கொழுந்தனாரு தலையில உருமா கட்டிக்கினு போயி ஆர்.டி.ஓ. ஆபீசுல நின்னாரு, அக்கா.”

“உருமாவா? இன்னாத்துக்கு?”

“எனக்கு ரெண்டும் பொண்ணு. எங்க வூட்டுக்காரரு கருமாதியில வாரிசுன்னு அவருக்குத்தான உருமாத்துணி கட்டினாங்க? அண்ணன் டிராக்டரும் தனக்குத்தான்னு நெனச்சிக்கினாரு.”

“ஆபீசுல இன்னா சொன்னாங்க?”

“செத்தவரு வண்டின்னா வாரிசு சர்டிபிகேட் கொண்டான்னுட்டாங்க. அதுல நானும் பொண்ணுங்களும்தான் கீறோம். இப்ப என் பேருக்கு மாத்தத்தான் போறேன்.”

“ரோடே அடைச்சிக் கெடக்குதே?”

“இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி எடுப்பாங்க. பேப்பரு எங்கிட்ட கீது.”

“வண்டிய யாரு ஓட்டறது?”

“கொழுந்தனாருதான். எங்கிட்ட டிரைவரா வரச் சொல்லிட்டேன். உருமாவ அவுக்க வேணாம், வெயிலுக்கு ஆவும்.”